முடங்கலும் உறையும்

தமிழில் கடிதத்தைக் குறிக்கும் சொற்கள் பல. ஓலை என்றனர், திருமுகம் என்றனர், மடல் என்றனர். நிருபம், லிகிதம் என வடமொழி வழியிலும் வழங்கினர். போர்த்துக்கீசியர் வரவுக்குப் பின்னர்க் கடுதாசி என்னும் சொல் நம் பாட்டிமார் நாவில் குடியேறியது. இவையனைத்தினும் நம் உள்ளத்தைக் கவர்வது முடங்கல் என்னும் பழஞ்சொல்லே. முடங்குதல் என்றால் மடங்குதல், சுருளுதல். எழுதிய ஏடு தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு எழுத்தை உள்ளே மறைத்துக்கொள்கிறது. அங்கே கடிதம் வேறு, உறை வேறு அன்று. 1950இல் நம் அஞ்சல் துறை அறிமுகம் செய்த உள்நாட்டுக் கடிதத் தாளும் இத்தகையதே. எழுதிய தாளே மடிந்து உறையாகிவிடும். உள்ளே வேறெதையும் வைத்தல் கூடாது என்ற எச்சரிக்கையும் அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அந்த நீலத்தாளை முடங்கல் என்று அழைத்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

கடித இலக்கியம் பற்றித் தமிழில் ஆராய்ந்தோர் பலர். ஆயின் அவர்கள் பெரும்பாலும் கடிதத்தில் என்ன சொல்லப்பட்டது என்பதையே ஆராய்ந்தனர். அது எந்தக் கையால் எழுதப்பட்டது, எதில் பொதிந்து வந்தது, பெற்றவர் அதனை என்ன செய்தார் என்பவற்றை விட்டுவிட்டனர். கவிதைக்கு யாப்பு எப்படியோ அப்படிக் கடிதத்துக்குக் கையெழுத்தும் உறையும் என்பது நம் கருத்து. கடிதத்தைப் பாதி எழுதுபவர் அனுப்புகிறவர்; மறுபாதியை எழுதுபவர் பெறுகிறவர். இதற்குச் சான்று தேடி நாம் மேனாட்டு நூல்களுக்குப் போக வேண்டுவதில்லை. சிலப்பதிகாரமே போதும்.

சிலம்பில் மாதவி கோவலனுக்கு இரண்டு கடிதங்கள் எழுதுகிறாள். முதற்கடிதம் வேனிற்காதையில் வருகிறது. சண்பகம், மல்லிகை, செங்கழுநீர் முதலிய மலர்கள் மிடைந்த மாலையின் நடுவே முதிர்ந்த தாழையின் வெண்தோடு ஒன்றைக் கட்டி, அதனையே ஏடாகக் கொள்கிறாள். பித்திகை அரும்பு எழுத்தாணி. செம்பஞ்சுக் குழம்பு மை. பொருளும் அதற்கேற்ற அலங்காரம் உடையது. இளவேனில் என்னும் இளவரசனும் திங்கள் என்னும் செல்வனும் மன்மதனுக்குத் துணைநின்று வருத்துகின்றனர் என்று நயம்பட எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கையால் செய்த கடிதங்களுள் இதனினும் அழகியது ஒன்று நம் இலக்கியத்தில் உண்டோ என்பது ஐயமே. ஆயினும் கோவலன் அதனை ஏற்க மறுக்கிறான். ஆடல் மகள் அன்றோ, அவள் செய்தவை எல்லாம் அவளுக்கு இயல்பான நடிப்பே என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிவிடுகிறான். மலர்மாலையோடு போன தோழி வாடிய உள்ளத்தோடு திரும்புகிறாள்.

இரண்டாம் கடிதம் புறஞ்சேரி இறுத்த காதையில் வருகிறது. மதுரைக்குச் செல்லும் வழியில் துன்பத்தால் உருமாறிப் போன கோவலனைக் கோசிகமாணி காண்கிறான். இவன்தான் அவனோ என்று ஐயுற்று, அருகிருந்த மாதவிக் கொடியை நோக்கிப் பேசுவான் போலப் பேசி உறுதி செய்துகொள்கிறான். பின்னரே முடங்கலை நீட்டுகிறான். மாதவி தன் கையாலேயே எழுதி, கண்மணி போன்றவர்க்குக் காட்டுக என்று சொல்லிக் கொடுத்தது அது. மலரும் இல்லை, செம்பஞ்சும் இல்லை. சுருளின் வாயில் களிமண் வைத்து, அதன்மேல் தன் கூந்தலால் பொறியிட்டிருக்கிறாள். அவ்வளவே.

இங்கே இளங்கோவடிகள் செய்வதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கோவலன் முடங்கலை உடனே பிரித்துவிடவில்லை. அந்த மண்பொறியில் அவர்கள் சேர்ந்திருந்த காலத்துக் கூந்தல் நெய்யின் மணம் இருந்தது. அம்மணம் பழைய நாள்களை உணர்த்தவே, அவன் அதனைக் கைவிடாமல் பிடித்தபடி நிற்கிறான். பிறகே பிரிக்கிறான். அதாவது, கடிதம் பேசுவதற்கு முன்னர் உறை பேசிவிட்டது. உள்ளிருந்த சொற்களோ மிக எளியவை. பெற்றோர்க்குச் செய்யும் பணியையும் விட்டு, குலமகளோடு இரவில் ஊரைவிட்டுப் போக நேர்ந்ததற்குத் தான் செய்த பிழை யாது என அறியாமல் உள்ளம் கலங்குவதாகவும், அதனைத் தீர்க்க வேண்டும் என்றும் அடிபணிந்து கேட்கிறாள். நிலவும் இல்லை, மன்மதனும் இல்லை. படித்தவன், தீது அவளுடையது அன்று, தன்னுடையது என்று உணர்கிறான்.

அதனோடும் நின்றிருந்தால் இது நல்லதொரு காட்சி என்ற அளவிலே முடிந்திருக்கும். கோவலன் அதே முடங்கலைக் கோசிகனிடம் திருப்பிக் கொடுத்து, இதன் பொருள் தன் பெற்றோர்க்குத் தான் எழுதத் தக்கதாகவே அமைந்திருக்கிறது, இதனையே அவர்களிடம் சேர்ப்பிப்பாயாக என்கிறான். காதலி எழுதிய கடிதம் மகன் எழுதும் கடிதமாகிவிடுகிறது. ஓர் எழுத்தும் மாறவில்லை; பெறுகிறவர் மாறினார், பொருள் மாறிற்று. பெறுகிறவரே மறுபாதியை எழுதுகிறார் என்று மேலே நாம் கூறியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? முதற்கடிதம் தோற்றதற்கு அதன் அலங்காரம் மட்டுமே காரணம் என்று சிலர் கூறுவர். நமக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. பூவும் செம்பஞ்சும் எந்தக் கணிகையும் எந்த ஆடவனுக்கும் அனுப்பக் கூடியவை. கூந்தல் நெய்யின் மணமோ ஒருத்தியிடமிருந்து ஒருவனுக்கு மட்டுமே செல்லக் கூடியது. வேறு எவனேனும் அம்முடங்கலைப் பெற்றிருந்தால் அது வெறும் மண்.

ஒருவருக்கு மட்டும் உரியது என்னும் இந்த அளவுகோலைக் கொண்டு சென்ற நூற்றாண்டின் கடித நூல்களை நோக்குவோமாயின் நம் மதிப்பீடுகள் சற்றே இடம் மாறும். மறைமலையடிகள் 1921இல் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என்று கடித வடிவிலேயே ஒரு நாவல் தந்தார். டாக்டர் மு. வரதராசனாரின் 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' ஆகிய நான்கும் ஒரு தலைமுறையை ஆளாக்கிய நூல்கள். அறிஞர் அண்ணா 'திராவிட நாடு' இதழில் தம்பிக்கு எழுதிய மடல்களைத் தேநீர்க் கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டனர் என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இவற்றின் பெருமையை மறுப்பார் யார்? எனினும் இவை பிறக்கும்போதே அச்சுக்கென்று பிறந்தவை. இவற்றில் 'நீ' என்பது 'நீங்கள் அனைவரும்' என்பதன் மறுபெயர். மேடையில் பேசுபவர் முன்வரிசையில் இருப்பவர் ஒருவரைப் பார்த்துப் பேசுவது போன்றது இது. சிறந்த உரைநடை, ஆனால் கடிதம் என்னும் பெயரை இரவல் வாங்கியது.

ஒருவருக்கென்றே எழுதப்பட்டுப் பின்னர் அச்சேறிய கடிதங்கள் வேறு வகை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலிருந்து நண்பர்களுக்கு எழுதியவை, கு. அழகிரிசாமி தம் இடைசெவல் தோழர் கி. ராஜநாராயணனுக்கு எழுதியவை, வல்லிக்கண்ணன் தமக்கு எழுதியவர்க்கெல்லாம் சலியாது எழுதிய மறுமொழிகள் ஆகியவை இவ்வகையின. இவற்றுள் புணே வாழ் தமிழராகிய நமக்குத் தனி உரிமை உடையது ஒன்று உண்டு. அது புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பாகிய 'கண்மணி கமலாவுக்கு'. தொகுத்தவர் இளையபாரதி. மாதவி கோவலனைக் குறித்த அதே 'கண்மணி' இந்நூலின் தலைப்பிலும் அமைந்தது தற்செயலே எனினும் நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன், தியாகராஜ பாகவதர் நடித்த 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதுவதற்காகப் பூனாவுக்கு வந்தார். முன்னரே 'பர்வதகுமாரி' என்ற பெயரில் தாமே படக் கம்பெனி தொடங்க முயன்று பொருளிழந்திருந்தார். இங்கே காசநோய் முற்றியது. 1948 மே மாதம் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். ஜூன் 30ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 42. படம் வெளிவந்தது அவர் மறைந்த பின்னரே. ஆண்டுக்கணக்கில் பிரிந்தும் சேர்ந்தும் வாழ நேர்ந்த அந்தத் தம்பதியர் நடுவே இருந்த ஒரே பாலம் அஞ்சல். கதைகளில் கடவுளையும் கந்தசாமிப் பிள்ளையையும் ஒருசேரக் கிண்டல் செய்த அதே கை, இக்கடிதங்களில் பணம் அனுப்புவது பற்றியும் குழந்தை பற்றியும் உடல்நலம் பற்றியும் எழுதுகிறது. நாளை எல்லாம் சரியாகிவிடும் என்று மீண்டும் மீண்டும் உறுதி கூறுகிறது. சில திறனாய்வாளர் இவற்றை அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கான மூலப்பொருள் என்ற அளவில் மட்டுமே மதிக்கின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. கதைகளில் அவர் வாசகனை நம்புவதே இல்லை. அவனைக் குத்தியும் சீண்டியுமே நடத்திச் செல்கிறார். இங்கே அவர் ஒரே ஒரு வாசகியை முற்றும் நம்பி எழுதுகிறார். தமிழின் கூர்மையான உரைநடையாளர் ஒருவர் கூர்மையைக் கழற்றி வைத்துவிட்டு எழுதினால் எப்படியிருக்கும் என்பதை அறிய வேறு இடம் இல்லை.

அந்த வாசகி யார்? கமலா விருத்தாசலம் தாமும் சிறுகதை எழுதியவர். அவர் எழுதிய மறுமொழிகள் இத்தொகுப்பில் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது ஒரு கையின் ஓசை. கணவரின் கடிதங்கள் நிலைத்ததற்குக் காரணம் அவர் பாதுகாத்து வைத்ததே என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும். வறுமையில், கைக்குழந்தையோடு, இளவயதில் கணவரை இழந்த ஒருவர் வீடு மாறும்தோறும் எவற்றையெல்லாம் விட்டிருப்பார்? கடிதங்களை விடவில்லை. புதுமைப்பித்தனின் கடித நூலுக்கு இரண்டாம் ஆசிரியர் ஒருவர் உண்டென்றால் அவர் கமலா அம்மையாரே.

இவ்விடத்தில் மராத்தியரைச் சற்றுப் பார்த்தல் தகும். தனிமை விரும்பி என்று பெயர்பெற்ற சிறுகதையாசிரியர் ஜி.ஏ. குல்கர்ணிக்கும் எழுத்தாளர் சுனிதா தேஷ்பாண்டேக்கும் நெடுங்காலம் கடிதப் போக்குவரத்து இருந்தது. ஜி.ஏ.யின் கடிதங்கள் நூலாயின. சுனிதா எழுதியவையும் 'பிரிய ஜி.ஏ.' என்று நூலாயின. இரு கையின் ஓசையும் கேட்கும் பேறு மராத்தி வாசகர்க்கு வாய்த்தது. நமக்கு அப்பேறு அரிதாகவே வாய்க்கிறது. ஆண் எழுத்தாளரின் கடிதத்தைப் பெண் பேணுகிறாள். பெண்ணின் கடிதத்தை அவர் படித்து எங்கேயோ வைத்துவிடுகிறார்.

தொகுப்பாசிரியர்களிடம் நமக்கு இன்னொரு குறையும் உண்டு. கடிதத்தை அச்சுக் கோத்துத் தருகின்றனர். எழுத்துப் பிழை திருத்துகின்றனர். அடித்து எழுதியதை அடிக்காதது போல் அச்சிடுகின்றனர். தாள் எத்தகையது, பென்சிலா மையா, ஓரத்தில் தலைகீழாக ஏதேனும் எழுதப்பட்டிருந்ததா, உறையின் பின்புறத்தில் என்ன இருந்தது என்பவை பற்றி ஒரு வரியும் இல்லை. ஓலைச்சுவடியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பாட வேறுபாடுகளைக் கூட அடிக்குறிப்பில் தந்தார். கடிதத்துக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை? கொள்ளிக்கட்டை போல் சாய்ந்து இறங்கும் வரி எழுதியவரின் காய்ச்சலைச் சொல்லும். அச்செழுத்தோ எக்காய்ச்சலும் இல்லாது நேராக நிற்கும்.

இனி, உறையின் இன்பத்துக்கு வருவோம். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றும் நமக்கு உறை என்பது அன்றாடப் பொருள். முன்னாளில் அலுவலகங்களில் வந்த உறையைக் கிழித்தெறியும் வழக்கம் இல்லை. அதன் முகவரியின் மேல் 'எகானமி ஸ்லிப்' என்னும் சீட்டை ஒட்டி மறுபடியும் அனுப்புவர். ஒரே உறை நான்கு அலுவலகம் சுற்றித் தடித்துப்போய் வந்து சேரும். சிக்கனத்தின் பொருட்டு ஏற்பட்ட அவ்வழக்கத்தில் நமக்கு ஒரு கவிதை தெரிந்தது என்றால் நண்பர்கள் நகைப்பர், நகைக்கட்டும். காந்தியடிகள் தமக்கு வந்த உறைகளைப் பிரித்து, எழுதாத உட்புறத்தைக் குறிப்பெழுதப் பயன்படுத்தியது யாவரும் அறிந்ததே. நம் புணேயின் எரவாடா சிறையிலிருந்து 1930இல் அவர் வாரந்தோறும் ஆசிரமத்தார்க்கு எழுதிய கடிதங்களே பின்னர் நோன்புகள் பற்றிய சிறுநூலாயின. தம் கையெழுத்து அழகற்றது என்று அவர் தன்வரலாற்றில் வருந்தியிருக்கிறார். ஆனால் அந்த அழகற்ற எழுத்தைப் பெற்றவர் எவரும் அதனைத் தட்டச்சுப் பிரதிக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருப்பாரோ?

நம் ரஞ்சன்காவ் புணேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ளது. அஷ்ட விநாயகருள் ஒருவரான மகாகணபதி இங்கே எழுந்தருளியிருக்கிறார். அவரைத் தேடி வருவோர் ஒருபுறம், தொழிற்பேட்டையைத் தேடி வந்த நம்மனோர் ஒருபுறம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சில, சில ஆண்டுகளாகக் கையால் கடிதம் எழுதும் பழக்கத்தைத் திரும்ப மேற்கொண்டிருக்கின்றன. இதற்குச் சங்கத் தீர்மானம் ஏதும் இல்லை. ஒரு வீட்டில் கண்டு மறுவீட்டார் செய்தது. உறையையும் கடையில் வாங்குவதில்லை. பழைய நாட்காட்டித் தாளே உறை. மகாகணபதியின் படம் உட்புறமாகவும் வெள்ளைப்புறம் வெளியிலுமாக மடித்து, நான்கு முனைகளையும் நடுவே கூட்டி, இரண்டு சோற்றுப் பருக்கைகளை நசுக்கித் தேய்த்து ஒட்டிவிட்டால் முடிந்தது. வசதியுள்ளோர் புணே சிவாஜி நகரில் 1940இல் தோன்றிய கைக்காகித நிலையத்தின் தாளை வாங்குவர். தடித்த தாளாயின் 20 கிராம் எல்லையைத் தாண்டிவிடும் என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும். அஞ்சல்தலை குறைந்தால் குறைந்ததன் இருமடங்கைப் பெறுகிறவரிடம் அல்லவா வாங்குவர்!

இது காலத்தைப் பின்னோக்கி இழுக்கும் முயற்சி என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். தந்தி 2013 ஜூலையில் நின்றது. பதிவு அஞ்சல் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் காலத்தில் கடிதம் எதற்கு? கேள்வி நியாயமானதே. செய்தி சொல்வதற்குக் கடிதம் வேண்டா என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். இன்று காலை பேசியதை இன்று மாலை மறந்துவிடுகிறோம் என்பதும் உண்மை. ஆயினும் அதுவும் நம் முதற்காரணம் அன்று.

முதற்காரணம் பிள்ளைகள். இங்கே வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் இந்தியும் எழுதுகின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழைக் கையால் எழுத அவர்களுக்கு ஒரு தேவையும் ஏற்படுவதில்லை. கைப்பேசியிலோ தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிவிடுகின்றனர். விழா நாளில் மேடையேறிக் குறள் ஒப்பிக்கும் பிள்ளை தன் பெயருக்கு எந்த 'ன' என்று தடுமாறுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இலக்கணம் கற்பிக்கலாம், ஞாயிறு வகுப்பு நடத்தலாம், நம் சங்கமும் நடத்துகிறது. ஆனால் எழுதியதைப் படிக்கக் காத்திருக்கும் ஒருவர் இல்லாமல் எந்தப் பிள்ளையும் எழுதாது. அந்த ஒருவர் பெரும்பாலும் ஊரில் இருக்கும் ஆச்சி. கணினியில் வந்தால் அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்தில் வந்தால் புரியாது. தமிழில், மையில், தாளில் வந்தாக வேண்டும். பெறுகிறவரே மறுபாதி என்பது இங்கே வெறும் திறனாய்வுக் கோட்பாடு அன்று.

இக்கடிதங்களை அளக்க மேற்கூறிய அளவுகோலே போதும். நம் மகள் கோவில்பட்டியில் இருக்கும் ஆச்சிக்கு எழுதியதில் மகாகணபதி 'கோயிளுக்கு'ப் போன கதை ஒன்றரைப் பக்கம் வந்தது. 'ல'வும் 'ள'வும் இடம் மாறி மாறி நின்றன. திருத்தலாமா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது, திருத்தவில்லை. உறையின்மேல் முகவரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் செய்தோம். இங்குள்ள அஞ்சலகத்தார்க்கு ஆங்கிலம், அங்குள்ளவர்க்குத் தமிழ், இருவர்க்கும் 1972 முதல் வழங்கிவரும் 6 இலக்க அஞ்சல் எண். பதினோராம் நாள் மறுமொழி வந்தது. நடுங்கிய கையெழுத்து, கோடு போட்ட நோட்டுத் தாள், மளிகைக் கடைப் பழுப்புத் தாளை மடித்து ஒட்டிய உறை. பிழை பற்றி ஆச்சி ஒரு சொல்லும் எழுதவில்லை. தம் தெருமுனைக் கோயிலுக்குப் போனதையும், அந்தக் கோயிலுக்குப் புதிதாக வந்த மணியையும், கோயிலுக்கு வெளியே விற்கும் சுண்டலையும் பற்றி எழுதியிருந்தார். 'கோயிலுக்கு' என்னும் சொல் மட்டும் மூன்று இடத்திலும் மற்ற எழுத்துகளைவிடச் சற்றே பெரிதாக இருந்தது.